நேராக்கப்பட்ட ஒன்பது முகங்கள்

காலை ஒன்பதே காலுக்கு ஜன்னலோர அலமாரியைத் திறந்தவள் முதல் மூக்குக்கண்ணாடி பிரேமைக் கையில் எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தவள் திரும்ப வைக்கவில்லை. ஒன்பது பிரேம்களையும் அள்ளிக்கொண்டுபோய்க் கவுன்ட்டர் மேல், காதுக்கம்பிகளை விரித்து, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொன்றையும் விரலால் தட்டினாள். ஒன்றுகூட ஆடவில்லை. ஒவ்வொன்றும் நான்கு இடத்தில் மேசையைத் தொட்டுக்கொண்டு, தலைமையாசிரியர் முன்னால் நிற்கும் பிள்ளைகள் மாதிரி அடக்கமாக இருந்தது.

முந்தாநாள் பார்சலைப் பிரித்தபோது ஒன்பதும் ஆடின. ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடின. ஆடத்தான் வேண்டும்.

"அண்ணா!"

அந்தக் கடையில் யாரும் அவள் குரலை அந்த அளவுக்குக் கேட்டதில்லை. பின்பக்கத் தடுப்புக்குள்ளிருந்து கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். கடையின் பிரேம் ஃபிட்டர். நாற்பத்தைந்து வயது. ஊரெல்லாம் அவருக்கு நேர்கோடு என்று பெயர்.

"இதையெல்லாம் தொட்டீங்களா?"

"தொட்டேனாவா! நேத்து கடை சாத்துற வரைக்கும் எனக்கு அதுதாம்மா வேலை. ஒண்ணு விடாம கோணல். பார்சல் மேல எவனோ ஏறி உக்காந்திருக்கான். நீ கவலப்படாத, எல்லாத்தையும் நிமித்திட்டேன். ஒரு கீறல் இருந்தா கேளு."

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. எதிர்க் கடையின் பெயர்ப்பலகை அரை விரல் சாய்ந்திருந்தால் சாலையைக் கடந்துபோய் நிமிர்த்திவிட்டு வருவார். வங்கியில் வரிசையில் நின்றபடி முன்னால் நிற்பவரின் சட்டைக் காலரைச் சரிசெய்து அடி வாங்கப் பார்த்திருக்கிறார். எந்தப் புதுப் பிரேம் வந்தாலும் அதை ஒரு கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து, நான்கு புள்ளியும் தொடுகிறதா என்று பார்க்காமல் கடைக்குள் விடமாட்டார். அவர் விட்ட பிரேமில் குறை என்று இருபது வருடத்தில் ஒருவர் திரும்பி வந்ததில்லை.

இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் முந்தாநாள் மாலை பெட்டியின் மேல் ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். நேற்று அவளுக்கு விடுமுறை. அதில் இரண்டே சொல்: 'செக் பண்ணவும்.' விரிசல், கீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதாக அவள் நினைப்பு. நேர்கோட்டிடம் போய் செக் பண்ணவும் என்றால் அவர் வேறு என்ன செய்வார்?

"அது கோணலாத்தான் இருக்கணும் அண்ணா. அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"யாரு?"

"இன்னைக்கு மூணு மணிக்கு வர்றாங்களே, அவங்க."

நேர்கோடு ஸ்க்ரூ டிரைவரை மெல்லச் சட்டைப்பையில் செருகினார். "இத நீ முந்தாநாளே சொல்லியிருக்கலாமேம்மா."

சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் இந்தக் கடைக்கு வந்த ஏழு மாதத்தில் தன் பிரேம் ஆசையைப் பற்றி வாயைத் திறந்து சொன்னது இரண்டு தடவை. இரண்டு தடவையும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாம் துண்டுச்சீட்டுதான்.

கடை அவள் சித்தப்பாவுடையது. சுவர் முழுக்க ஐந்நூறு பிரேம், வாசலில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று பலகை. அவள் இயற்பியல் படித்தவள். ஐந்து வயதில் மைனஸ் ஆறு பவரில் தொடங்கி, பள்ளி முடியும் வரை சோடா புட்டி என்றே அழைக்கப்பட்டவள். கல்லூரியில் மூன்றாம் வருடம் ஏதோ ஒரு கண்காட்சியில், யாரோ ஒருவர் தனியாகத் தன் கையால் செய்து வைத்திருந்த பிரேம் ஒன்றை மாட்டிப் பார்த்தாள். அன்றுதான் முதல் முறையாகக் கண்ணாடியில் தன் முகத்தை முழுதாக ஒரு நிமிடம் பார்த்தாள். அதோடு சரி. ஆராய்ச்சி, மேல்படிப்பு எல்லாம் போயிற்று. உலகத்தில் எங்கெங்கே யார் யார் கம்பெனி இல்லாமல், பெரிய பெயர் இல்லாமல், தாங்களே வரைந்து தாங்களே அறுத்துத் தேய்த்துப் பிரேம் செய்கிறார்கள் என்று தேடிப் படிப்பதே வேலையாகிவிட்டது. அந்தப் பிரேம்களை மட்டும் விற்கும் கடை ஒன்று வைக்க வேண்டும். அதுதான் அவள் வாழ்க்கை என்று முடிவுசெய்திருந்தாள்.

ஐந்து பேருக்கு எழுதினாள். ஐந்து பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: உங்கள் கடையில் வேறு யாருடைய பிரேம் இருக்கிறது? யாருடையதும் இல்லை. அப்படியானால் பிறகு பார்க்கலாம். முதல் ஆளாக வர ஒருவருக்கும் மனசில்லை. அவர்களில் இந்த ஒரு வடிவமைப்பாளர் மட்டும், அதுவும் நான்காவது கடிதத்துக்குப் பிறகு, ஒன்பது பிரேம் அனுப்பி, கூடவே எழுதியிருந்தார்: 'வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன். என்னை யாரோ ஒரு வாடிக்கையாளராக நினைத்துக்கொண்டு ஒரு பிரேமை விற்றுக் காட்டுங்கள். வாங்கத் தோன்றினால் உங்களுக்குத் தருகிறேன்.'

அவர் தந்தால் அவள் கடைக்கு மாடி அறையைச் சித்தப்பா காலிசெய்து கொடுப்பார். தராவிட்டால் திங்கட்கிழமை அம்மா பார்த்து வைத்திருக்கும் பள்ளிக்கூட வேலை. ஆய்வகத்தில் சோதனைக் குழாய் எண்ணி வைக்கிற வேலை. சித்தப்பாவும் அம்மாவும் பேசி இந்த ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். அவள் தலையாட்டியிருந்தாள்.

"கோணலா இருக்கணும்னு ஒரு மனுஷி வேணும்னே செய்வாங்களா?" நேர்கோட்டுக்கு இன்னும் ஆறவில்லை.

பிரேம்களோடு வந்த அட்டைகளை அவரிடம் நீட்டினாள். ஒவ்வொரு பிரேமும் அந்த வடிவமைப்பாளருக்குத் தெரிந்த ஓர் ஆளைப் பார்த்துச் செய்தது. யாருடைய முகமும் நேராக இருப்பதில்லை. ஒரு காது இறங்கியிருக்கும், ஒரு புருவம் ஏறியிருக்கும், மூக்கு ஒரு பக்கம் போகும். அந்தக் கோணலைப் பிரேமின் முன்பக்கத்தில் அப்படியே வைத்திருந்தார். வாங்குபவரின் காதுக்குத் தகுந்தபடி பின்னால் வளைத்துக்கொள்ளலாம், முன்பக்கத்துச் சாய்வு மட்டும் அந்த ஆளுடையது. கணக்கு டீச்சர், லிப்ட் ஆபரேட்டர், பல் டாக்டர், மூத்த அக்கா என்று ஒவ்வொன்றுக்கும் அந்த ஆளின் பெயர்தான்.

நேர்கோடு ஒரு அட்டையை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "படிச்சவங்களுக்கு வேலை இல்லாமப் போச்சு" என்றார்.

"திரும்ப வளைக்கணும் அண்ணா. மூணு மணிக்குள்ள."

"வேணும்னே கோணலாக்கணும்? நானா?"

"என்கிட்ட அளவெல்லாம் இருக்கு."

இருந்தது. பார்சல் வந்த அன்றே ஒன்பதையும் அளந்து குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் ஏற்றம், எத்தனை டிகிரி சாய்வு. அளக்காமல் அவளால் எதையும் வைத்துக்கொள்ள முடியாது. நேர்கோடு பெருமூச்சு விட்டு ஹீட்டரைப் போட்டார். சூடான காற்றில் கணக்கு டீச்சரைக் காட்டி, பதமானதும் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். ஆற விட்டார். கண்ணாடிப் பலகையில் கவிழ்த்தார்.

ஆடவில்லை.

"என்ன அண்ணா!"

"வளைச்சேன்மா. கை தானா திரும்பிடுது. நான் என்ன செய்ய?"

இரண்டாம் தடவையும் அதேதான். கோணலாக வளைப்பார். விடும் கணத்தில், யாரோ காதில் சொன்ன மாதிரி, இரண்டு கட்டை விரலும் ஒரு சின்னத் திருத்தம் செய்துவிடும். அவள் ஸ்கேலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று "போதும், விடுங்க, விடுங்க!" என்று கத்தியதில் மூன்றாம் தடவை ஒரு வழியாக இரண்டரை மில்லிமீட்டர் வந்தது. எண் சரி. பிரேமைத் தூக்கிப் பார்த்தார்கள். லாரி ஏறி இறங்கின மாதிரி இருந்தது.

"இதத்தான் கேட்டியா?" என்றார் நேர்கோடு.

இல்லை. முந்தாநாள் பார்த்த கணக்கு டீச்சரைப் பார்த்தால் உடனே முதுகு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். இதைப் பார்த்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோன்றியது.

இந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வந்தார். ஹீட்டர் சத்தத்தையும் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்ன சயின்டிஸ்ட், என்ன ஆராய்ச்சி?" என்றார். நேர்கோடு நடந்ததைச் சொன்னார். சித்தப்பா சிரித்த சிரிப்பில் அலமாரிக் கதவு அதிர்ந்தது.

"நேரா இருக்கறத வாங்கவே நாலு தடவ யோசிக்கிறான். கோணலா இருக்கறத எவன் வாங்குவான்? நேராக்குனது நல்லதுதான், விடு."

"சித்தப்பா, அவங்க மூணு மணிக்கு வர்றாங்க."

"வரட்டும். நான் பேசிக்கிறேன். ரெண்டு வாங்குனா மூணாவது இலவசம்னு போட்டா அவங்க சரக்கும் ஓடும். பெட்டியக் கட்டிக்கிட்டு ஊர் ஊரா அலைய வேணாம் பாரு."

"நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

"அப்ப யாரு, நீ பேசுவியா? வாயத் தொறந்தா முத்து உதுந்துருமே உனக்கு!"

அவள் ஸ்கேலைத் துடைக்கத் தொடங்கினாள். அதுவே சித்தப்பாவுக்குச் சாட்சியாகப் போயிற்று. சிரித்துக்கொண்டே கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தார். போன் அடித்தது. அம்மா.

"திங்கக்கிழமை எட்டரைக்கே வரச் சொல்றாங்க. உன் வெள்ளைக் கோட்டு எங்க வச்ச? பழுப்பேறிப் போயிருக்கும், ஊற வைக்கணும்."

"அம்மா, இன்னும் வெள்ளிக்கிழமையே முடியல."

"அதான் கேக்கறேன். ரெண்டு நாளாவது ஊறணும்ல."

போனை வைத்தாள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. நேர்கோட்டின் மேல், சித்தப்பாவின் மேல், வெள்ளைக் கோட்டின் மேல், ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டிய கணக்கு டீச்சரின் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மஞ்சள் துண்டுச்சீட்டின் மேல். பெட்டியில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கையெழுத்து நேராக, அழகாக இருந்தது. கிழித்துக் கசக்கினாள்.

தடுப்புக்குள் நேர்கோடு தானாகப் பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு நேத்தே சந்தேகம். புதுசுன்னு சொல்லிப் பழச அனுப்பிட்டாங்களேன்னு நினைச்சேன்."

"பழசா? ஏன்?"

"ஒவ்வொண்ணுலயும் ஆள் இருந்துதேம்மா. நம்ம கடைக்கு ரிப்பேருக்கு வருமே, ரெண்டு வருஷம் மூணு வருஷம் போட்டது, அப்படி இருந்துது. போட்டவங்க மூஞ்சி பிரேம்ல ஏறிடும். புதுசா விக்கிறதுல எப்படி இன்னொருத்தர் மூஞ்சி இருக்கலாம்? அதான் எடுத்துட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"என்ன ஆள் அண்ணா? இந்தக் கறுப்பு பிரேம்ல?"

"அது ஒரு நெட்டையான ஆளு. நாள் பூரா தலையக் குனிஞ்சு யாரையோ பாக்கற ஆளு. கண்ணாடி கீழ சரியும்னு பக்கவாட்டுல இறுக்கி வச்ச மாதிரி. இடது கையாலயே கழட்டி மாட்டியிருப்பாரு, அந்தப் பக்கம் கொஞ்சம் விரிஞ்சிருந்துது."

அவள் அட்டையைத் தேடி எடுத்தாள். பல் டாக்டர். 'ஆறடி உயரம். இருபது வருடமாக மற்றவர்களின் வாய்க்குள் குனிந்து பார்த்து வருகிறார். வலது கையில் எப்போதும் ஏதாவது இருக்கும்.'

வாசித்தாள். நேர்கோடு அட்டையை வாங்கித் தானும் பார்த்தார். பிறகு, "அட" என்றார்.

அவருக்கு மேசையில் கோணலாக்க வராது. ஆனால் முகத்தில் மாட்ட வரும். இருபது வருடமாக அதுதானே தொழில். கடைக்குள் வரும் பிரேம் நேராக இருக்க வேண்டும், கடையை விட்டுப் போகும் பிரேம் போகிறவரின் முகத்தைப் போல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் சட்டம். அவள் தன் கண்ணாடியைக் கழற்றினாள். ஏழு மாதத்துக்கு முன் அவர் ஃபிட் செய்து கொடுத்தது. கண்ணாடிப் பலகையில் கவிழ்த்துத் தட்டினாள். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் சத்தம் கேட்டது. டக், டக் என்று ஆடியது.

"உனக்கு இடது காது கீழ" என்றார் நேர்கோடு, வானிலை சொல்வது போல. "சொன்னா வருத்தப்படுவேன்னு சொல்லல."

அதன் பிறகு வேலை ஓடியது. ஓட வேண்டுமானால் அவள் பேச வேண்டும். "மில்லிமீட்டர் எல்லாம் வேணாம். ஆளச் சொல்லு" என்றார் அவர். அட்டையில் இருந்ததை வாசித்தாள். போதவில்லை. "இன்னும் சொல்லு. கோவக்காரரா? ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பாரு?" அவளுக்கு எப்படித் தெரியும்? பிரேமைப் பார்த்து இரண்டு நாளாகத் தன் மனதில் தோன்றியிருந்ததை எல்லாம் சொன்னாள். கணக்கு டீச்சர் விடைத்தாளை மூக்குக்கு வலது பக்கமாகப் பிடித்துத்தான் படிப்பார், பொய் சொல்கிற பிள்ளையைப் பார்த்தால் ஒற்றைப் புருவம் ஏறும். லிப்ட் ஆபரேட்டர் யாரையும் நேராகப் பார்க்காமல், கதவு மூடுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தே பழகியவர். பேசப் பேச அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நேர்கோடு காற்றில் ஒரு முகத்தைப் பிடித்து வைத்திருப்பவர் போல, சூடான பிரேமை அந்த முகத்துக்கு மாட்டினார், காதோரம் அழுத்தினார், கொஞ்சம் பின்னால் நகர்ந்து தலை சாய்த்துப் பார்த்தார். அவர் விட்டதும் அவள் ஸ்கேலை வைத்தாள். குறிப்பேட்டு எண்ணுக்கும் இதற்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

நடுவே வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஒருவர் காற்று மாதிரி இருக்க வேண்டும், விழுந்தாலும் உடையக் கூடாது, இலவசமாக வருவதும் அதே மாதிரி இருக்க வேண்டும் என்றார். ஒரு அம்மா பதினாறு பிரேமை மாட்டி, பதினாறையும் போட்டோ எடுத்து, தங்கைக்கு அனுப்பிவிட்டு, "அவ தூங்கறா போல. நாளைக்கு வரேன்" என்று போனார். ஒவ்வொரு தடவையும் நேர்கோடு ஹீட்டரை அணைத்துவிட்டு எழுந்துபோக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

இரண்டு நாற்பதுக்கு ஆறு முடிந்திருந்தது. மூன்று பாக்கி. அதில் இரண்டு எப்படி இருந்தன என்று இருவருக்குமே உறுதியாக நினைவில்லை. மூன்றாவது மூத்த அக்கா. அட்டையில் ஒரே வரி: 'இவரைப் பற்றி எழுதினால் என்னைக் கொன்றுவிடுவார்.'

"இதுதான் நேத்து நான் முதல்ல எடுத்தது" என்றார் நேர்கோடு. "அப்ப ஆள் இருக்குன்னே தெரியாது. கோணல்னு மட்டும்தான் பாத்தேன்."

அவள் குறிப்பேட்டில் எண் இருந்தது. எண்ணை வைத்து வளைத்தால் என்ன ஆகும் என்று காலையிலேயே பார்த்தாயிற்று.

"மூணையும் பின்னால வச்சிரு" என்றார் சித்தப்பா கல்லாவிலிருந்து. "இல்ல, முன்னாலயே வை. யாருக்குத் தெரியப்போகுது?"

அந்த நேரம் கதவு திறந்தது. இருபது நிமிடம் முன்னதாக.

வந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் துணிப்பை. விரல் நுனிகள் தேய்ந்து வெளுத்திருந்தன. மூக்கில் பெரிய பச்சைக் கண்ணாடி. அது சரிந்துகொண்டே இருந்தது, அவர் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தார். யாரையும் பார்த்து வணக்கம் சொல்லவில்லை. "ஒரு பிரேம் பாக்கணும்" என்றார், வாடிக்கையாளர் மாதிரியே.

சித்தப்பா எழுந்தார். "வாங்கம்மா, வாங்க! இன்னைக்கு..."

"சித்தப்பா" என்றாள் அவள். என்ன தொனியில் சொன்னாளோ, அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதையும் தட்டில் எடுத்து வைத்தாள். வடிவமைப்பாளர் ஆறைத் தாண்டி நேராக மூத்த அக்காவில் கை வைத்தார். வேறு எதில் வைப்பார்? எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். திருப்பினார். கவுன்ட்டர் மேல் கவிழ்த்து விரலால் தட்டினார்.

ஆடவில்லை.

"இது நேரா இருக்கே" என்றார்.

வாடிக்கையாளருக்குச் சொல்வதற்கென்று அவள் ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஏழு வாக்கியங்களில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தால் எழுதிக் கொடுத்துவிடலாம்.

"நேத்து ஒன்பதையும் நேராக்கிட்டோம்" என்றாள். "தப்பு என்னோடது. இதுல ஆள் இருக்குன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. செக் பண்ணவும்னு சீட்டு ஒட்டிட்டுப் போயிட்டேன். இன்னைக்கு ஆறு பேரைத் திருப்பிக் கொண்டு வந்துட்டோம். பல் டாக்டர் சரியா வந்திருக்காரு, பாருங்க. கணக்கு டீச்சருக்குப் புருவம் ஒரு அரை மில்லிமீட்டர் கூட ஏறிடுச்சு, கோவம் கொஞ்சம் அதிகமா இருக்கும். இன்னும் ரெண்டு பேரு சரியா நினைவுக்கு வரல. இவங்கள எங்களுக்குத் தெரியவே தெரியல. அட்டையில நீங்க ஒண்ணுமே எழுதல."

மூச்சு வாங்கியது. ஏழு மாதத்தில் சித்தப்பா அவளிடம் கேட்ட மொத்தப் பேச்சும் இவ்வளவு இருக்காது. அவர் வாயைத் திறந்தபடி இருந்தார்.

வடிவமைப்பாளர் ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பல் டாக்டரைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கணக்கு டீச்சரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. "யாரு நேராக்குனது?"

நேர்கோடு தடுப்புக்கு வெளியே வந்தார். ஆனால் கேள்வியை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவர் கண் அந்தப் பச்சைக் கண்ணாடியிலேயே இருந்தது. அது மறுபடி சரிந்தது. மறுபடி தள்ளப்பட்டது. அவர் விரல்கள் துடித்தன.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அதக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க. காலைல இருந்து எனக்கு மனசே சரியில்ல, இதையும் பாத்துக்கிட்டு நிக்க முடியாது."

"அண்ணா!" என்றாள் அவள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. நேராக்கினவர் யார் என்று கேட்டால் இதுவா பதில்?

"இதுவும் நான் செஞ்சதுதான்" என்றார் வடிவமைப்பாளர் விறைப்பாக.

"செஞ்சது நீங்க. மாட்டுனது யாரு?"

"நானேதான்."

"அதான்."

வடிவமைப்பாளர் அவரை முறைத்தார். பிறகு எதற்கென்று தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றாமல், மூத்த அக்காவை அவர் கையில் வைத்தார். "இத முதல்ல சரி பண்ணுங்க. அப்புறம் பேசலாம்."

நேர்கோடு பிரேமையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்க உங்க கூடப் பொறந்தவங்களா?"

"ஆமா. ஏன்?"

"சாடை இருக்குமா?"

"ரெண்டு பேரையும் மாத்திக் கூப்பிடுவாங்க. அவளுக்குப் பிடிக்காது."

"அப்ப உக்காருங்க. ஆள் வந்தாச்சு."

நாற்காலியை இழுத்துப் போட்டார். வடிவமைப்பாளர் உட்காருவதா என்று யோசிப்பதற்குள் உட்கார்ந்திருந்தார். நேர்கோடு ஹீட்டரைப் போட்டார். அவளைப் பார்த்து, "கேளும்மா" என்றார்.

கேட்டாள். காலையிலிருந்து இதுதானே செய்துகொண்டிருக்கிறாள். "அக்கா எப்படிக் கேப்பாங்க, தலைய எந்தப் பக்கம் சாய்ப்பாங்க?"

"சாய்க்கவே மாட்டா. தாடையத் தூக்குவா. நான் எது சொன்னாலும் முதல்ல தாடையத் தூக்குவா. பட்டறை வைக்கிறேன்னு சொன்ன அன்னைக்குத் தூக்குனது, இன்னும் இறக்கல."

"போன்ல பேசறப்ப?"

"வலது தோள்ல இடுக்கிக்குவா. ஒரு மணி நேரம். கையால வேற வேலை ஓடிட்டே இருக்கும். அந்தக் காது கண்ணாடியக் கொஞ்சம் மேல தள்ளிடும்." நிறுத்தினார். "இதெல்லாம் அட்டையில எழுதினா சும்மா விடுவாளா?"

நேர்கோடு பச்சைக் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, சூடான பிரேமை அவர் முகத்தில் மாட்டினார். தாடையை ஒரு விரலால் லேசாகத் தூக்கினார். வலது பக்கம் அழுத்தினார். பின்னால் நகர்ந்தார். மறுபடி வந்து மூக்கருகே ஒரு சின்னத் திருத்தம். கை தானாகத் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமே அதற்கு வரவில்லை. "ஆறட்டும்" என்றார்.

அவள் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தி அவர் முன்னால் வைத்தாள்.

வடிவமைப்பாளர் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையை இந்தப் பக்கம் ஆட்டினார், அந்தப் பக்கம் ஆட்டினார். கண்ணாடிக்குள் இருந்தவரும் ஆட்டினார், ஆனால் ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை.

"கடவுளே" என்றார். "இப்பவே திட்டுவா போல இருக்கு."

பிரேம் சரியவில்லை. ஒரு முறை தள்ளப் போன அவர் விரல் தள்ள ஒன்றும் இல்லாமல் மூக்கில் முட்டி நின்றது. அவள் ஸ்கேலை எடுக்கப் போனாள், பிறகு எடுக்கவில்லை.

பேசினால் கெட்டுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. சித்தப்பாவுக்கும் தோன்ற வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

"என் பட்டறையிலயும் ஒருத்தர் இருக்காரு" என்றார் வடிவமைப்பாளர் கடைசியில், கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பாலிஷ் போடறவரு. ஒரு நாள் அசந்தா எல்லாத்தையும் நேராக்கி வச்சிடுவாரு. பாதி வாழ்க்கை அவரத் திட்டறதுலயே போச்சு. உங்களுக்கும் போகும்." பச்சைக் கண்ணாடியை மடித்துத் துணிப்பையில் போட்டார். "வருஷத்துக்கு முப்பது பிரேம்தான் தர முடியும். அட்டை எழுதறத விட்டுடறேன். வர்றவங்ககிட்ட நீங்களே வாயால சொல்லுங்க, இப்பச் சொன்ன மாதிரி. நேரா இருக்கற மத்த ரெண்டையும் நான் எடுத்துட்டுப் போறேன். அது யார்னு இப்ப எனக்கே அடையாளம் தெரியல."

அவள் தலையாட்டினாள். தலையாட்டினால் போதாது என்று நினைவு வந்து, "சரி" என்றாள். தட்டைப் பார்த்தாள். "மூத்த அக்கா?"

"கழட்ட மாட்டேன். பில் போடுங்க."

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கியது, பில் புத்தகம் தெரியவில்லை. தேதியைத் தப்பாக எழுதி, கிழித்து, மறுபடி எழுதினாள். பிரேமைச் செய்தவருக்கே அந்தப் பிரேமை விற்றவள் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா என்று அவளுக்குத் தெரியாது.

கல்லாவில் சித்தப்பா எழுந்து நின்றார். முகமெல்லாம் பல். இவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"ரொம்ப சந்தோஷம்மா! இனிமே நம்ம கடை உங்க கடை. ஒண்ணு வாங்கிட்டீங்க இல்ல? இந்தச் சுவர்ல எது வேணும்னாலும் ஒண்ணு எடுத்துக்கங்க. இலவசம்!"

"சித்தப்பா!"

நேர்கோடு ஹீட்டரை அணைத்தார். போன் மறுபடி அடித்தது. அம்மாவாகத்தான் இருக்கும், கோட்டை ஊற வைத்துவிட்டேன் என்று சொல்ல. வடிவமைப்பாளர் மூத்த அக்காவை மாட்டியபடி, தாடையைத் தூக்கிக்கொண்டு, சுவரில் இருந்த ஐந்நூறு பிரேம்களையும் மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாம் நேரா இருக்கு" என்றார். "வேணாம்."